கத்திக்கு வைத்த பொட்டு

மலேசியாவில் மலாக்கா பக்கம் அலோர் காஜாவுக்குக் குடிவந்த பிறகுதான் மடக்குக் கத்தியால் சவரம் செய்யப் பழகினேன். தினமும் ஈரம் துடைத்து, எண்ணெய் தடவித்தான் மூடுவேன். வீட்டில் யாரையும் தொடவிட்டதில்லை.

ஆயுத பூஜையில் வைத்ததை அன்று எடுக்கக்கூடாது. மறுநாள் காலை சாமி மேடையிலிருந்து கத்தியை எடுத்தவன் அலறிவிட்டேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடத்தில், வெட்டும் விளிம்பு ஓரமாகவே, பத்துக் காசு அகலத்துக்குத் துரு. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

“எந்த மடையன் லா இரும்புல ஈரச் சந்தனத்தப் பூசினது?” என்று வீடே அதிரக் கத்தினேன்.

மனைவி கைபேசியை எடுத்தாள். குடும்ப வாட்ஸ்அப்பில் முந்தின நாள் நானே பெருமையாக அனுப்பிய படத்தைத் திறந்து நீட்டினாள். கத்தியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்த விரலில் என் கல்யாண மோதிரம்.