ஜெப நேரத்தில் அழிந்த தோட்டம்

வீடியோ கேம் விஷயத்தையெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவதா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தேன். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த என் மகளுக்கு, அவள் சித்தப்பா துபாயிலிருந்து கையடக்க வீடியோ கேமும், விளையாட்டுகளை நகலெடுத்துப் போட்ட கேசட்டும் கொண்டுவந்தார். அதில் அவள் தோட்டம் வளர்த்தாள். சேவ் செய்தும் மறுநாள் இருக்காது. எங்கள் வீட்டில் மாலை ஜெபத்துக்குக் கூப்பிட்டதும் எல்லாவற்றையும் சட்டென்று அணைத்துவிட வேண்டும்.

"ஜெபம் பண்றதாலதாம்மா அழியுது. நான் வரல" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேமை எடுத்துக்கொண்டு நான் போகும்போதெல்லாம் பஜார் ரிப்பேர் கடைக்காரர், "பேட்டரி வீக்கும்மா" என்று காசு வாங்கிக்கொண்டு மாற்றிக்கொடுத்தார். ஒருநாள் அவர் சோதிப்பதைக் கவனித்தேன். சேவ் செய்துவிட்டு, மெனுவுக்குத் திரும்பிய பிறகுதான் அணைத்தார்.

"இன்னாண்ணே, உடனே ஆஃப் பண்ணல?"

"மெனுவுக்குப் போனாதாம்மா கேசட்ல பதியும். நேரா ஆஃப் பண்ணா போய்டும்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டா திரும்ப வருவீங்களா?" என்று சிரித்தார்.

தோல் பதனிடும் ஷாப்பு நாற்றமே பழகிப்போன எனக்கு அந்தச் சிரிப்பு குமட்டியது. ஒரு குழந்தை ஆண்டவரையே வெறுக்க இருந்ததே!

அன்றிலிருந்து ஜெபத்துக்குக் கூப்பிட்டால், "மெனுவுக்குப் போய்ட்டு அணைச்சிட்டு வா, இயேசப்பா காத்திருப்பார்" என்றுதான் சொல்லிவந்தேன். கூட்டாமல் குறைக்காமல் இதை மற்ற தாய்மார்களுக்கும் சொல்லுங்கள்.