‘போதும்’ என்று கத்திய காலை

‘14-6-1957, வெள்ளி. 8.52 இறக்கம். 9.17 மூன்று இழுப்பு. 9.21 ஆள் மேலே. நங்கூரக் கயிற்றில் ஒரு புரி மட்டும் மிச்சம்.’

என் நீல அட்டைக் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன். மற்ற பக்கங்களில் என் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். இந்த ஐந்து நாள் பக்கங்கள் மட்டும் கோழி கிளறிய மாதிரி இருக்கின்றன. காரணம் கடல்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மலாக்காவில், காஜா பேராங்கில் குடியிருந்தேன். பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒரு குத்தகைக்காரரிடம் கணக்கெழுதும் கிராணி வேலை. போர்க்காலத்தில் மூழ்கிப்போன இரும்புப் பாரப்படகு ஒன்று தீவுகளுக்கு அப்பால் கிடந்தது. ஆகஸ்டில் மெர்டேக்கா, அதாவது நாட்டுச் சுதந்திரம், வருவதற்குள் அதற்குக் கயிறு கட்டி மிதவை போட்டுவிட வேண்டும் என்று முதலாளிக்கு அவசரம். கடலடியில் இறங்குவதற்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழர் வந்திருந்தார்.

பெரிய செம்புத் தொப்பி மாட்டி, மேலேயிருந்து பம்பு அடித்துக் காற்று அனுப்பும் முறையைத்தான் நான் அதுவரை படித்திருந்தேன். இவர் முதுகில் இரண்டு காற்று உருளைகளைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கடித்தபடி இறங்குவார். எங்களிடம் இருந்த அந்தக் கருவியில், காற்று எவ்வளவு மிச்சம் என்று கீழே இருக்கும்போது தெரிந்துகொள்ள வழியில்லை. எங்கள் பக்கத்துக் கடல் சேற்றுத் தண்ணீர். அடியில் தன் கையே தனக்குத் தெரியாது என்றார். ஆகவே மேலே ஒருவன் மணி பார்க்க வேண்டும். இருபத்தைந்து நிமிடம் ஆனதும், அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை மூன்று முறை வெட்டி இழுக்க வேண்டும். அந்த ஒருவன் நான்.

என் அப்பா ரப்பர் பால்மரக்காட்டிலிருந்து டவுனுக்கு வந்தவர். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. நானும் அப்படித்தான். ஆனால் புத்தகங்கள் படித்தவன் என்ற தைரியம் இருந்தது. வயிற்றில் ஒன்றுமில்லாவிட்டால் வாந்தி எடுக்க என்ன இருக்கிறது என்று நானே ஒரு கணக்குப் போட்டு, முதல் நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படகு ஏறினேன். தீவைத் தாண்டியதும் தெரிந்தது, வெறும் வயிற்றிலிருந்தும் வரும், அதுவும் பச்சையாக, கசப்பாக வரும் என்று. ஒரு காலி ரொட்டித் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

படகில் நாங்கள் நான்கு பேர். படகை ஓட்டும் மலாய்க்காரரான தைக்கோங், முக்குளிப்பவர், நான், எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஒரு செட்டி. செட்டி என்றால் வட்டிக்கடைச் செட்டியார் இல்லை. பரம்பரை பரம்பரையாக மலாக்காவிலேயே வாழும் செட்டி சமூகத்தவர். பெயர் தமிழ்ப் பெயர், கும்பிடுவது மாரியம்மனை, வீட்டில் பேசுவது மலாய். தமிழில் அவருக்குச் சாமி பெயர்களும் நாலைந்து உறவுமுறைச் சொற்களும்தான் தெரியும். நங்கூரம் அவர் பொறுப்பு.

அவர்தான் என்னைப் பார்த்துவிட்டுத் தைக்கோங்கிடம், “கிராணி மாபோக்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மாபோக் என்றால் குடிவெறி என்றுதான் எனக்குத் தெரியும். தகரத்திலிருந்து தலையைத் தூக்கி, நான் குடிப்பதில்லை, எங்கள் வீட்டில் யாருமே குடிப்பதில்லை என்று மலாயில் ஒரு சொற்பொழிவே செய்தேன். பாதியில் மறுபடியும் வாந்தி வந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முக்குளிப்பவர்தான் விளக்கினார்: “அட, கடல் மயக்கத்துக்கும் அதே பேருதாங்க இவங்களுக்கு. சாராயத்துல வந்தாலும் மாபோக், அலையில வந்தாலும் மாபோக்.”

தைக்கோங் சிரித்தாலும் அவருக்குக் கவலைதான். அன்று சாயங்காலம் தீவின் மறைவில் படகை நிறுத்தியபோது, இந்த ஆளை நாளைக் காலையில் கரையில் இறக்கிவிடலாம், நிற்கவே முடியாதவன் மணி பார்த்து என்ன ஆகப்போகிறது என்று சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் என்னை இறக்கிவிட்டால் கடிகாரம் பார்க்க ஆளில்லை. தைக்கோங்குக்கும் செட்டிக்கும் படகைப் பார்க்கவே கை போதாது. வேலை நின்றுவிடும். அதைவிட, மணி பார்க்கக்கூட லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவன் என்ற பெயரோடு தெருவில் எப்படி நடப்பது என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

முக்குளிப்பவர் என் பக்கம் பேசினார். “இன்னிக்கு மூணு வாட்டி இறங்கினேன். மூணு வாட்டியும் இவரு இழுத்தது கரெக்டா இருபத்தஞ்சுல. தகரத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டே வாட்ச பாத்திருக்காரு. எனக்கு இவரு போதும்.” பிறகு என்னிடம் திரும்பி, “கிராணியாரே, எத்தன வாட்டி வேணும்னாலும் வாந்தி எடுங்க. கடிகாரத்த மட்டும் விட்றாதீங்க” என்றார்.

மறுநாள் முழுவதும் எனக்கு ஆராய்ச்சிதான். குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதுதான் தலை சுற்றுகிறது, தூரத்துக் கரையைப் பார்த்தால் சுற்றல் குறைகிறது என்று கண்டுபிடித்தேன். ஆனால் கரையைப் பார்த்தால் மணி தெரியாதே. கைக்கடிகாரத்தைக் கழற்றி, கூரைக் கம்பில் என் கண் மட்டத்தில் இறுக்கிக் கட்டினேன். கடிகாரத்துக்குப் பின்னால் நேராகக் கரைக் குன்று. இரண்டையும் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டேன். செட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த உப்பு மாங்காயையும் காய்ந்த பிஸ்கட்டையும் மணிக்கொரு தரம் வாயில் திணித்தார். வேண்டாமென்றால் விடமாட்டார். வாந்தி நிற்கவில்லை, ஆனால் எண்ணிக்கை குறைந்தது. புதன் பதினொன்று, வியாழன் ஆறு. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை மேற்கே வானம் கறுத்து வந்தது. சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று அது. வந்தால் திடீரென்று வரும். நங்கூரம் கீழே பாரப்படகின் இரும்பில் மாட்டிக்கொண்டிருந்தது. இறங்கிய ஆள் கீழே எட்டாவது நிமிடத்தில் இருக்கும்போதே காற்று வர இன்னும் அரை மணியாவது ஆகும் என்று கணித்து, தைக்கோங் ஏற்பாட்டைச் சொல்லிவிட்டார். காற்று நெருங்குவதற்குள் முக்குளிப்பவர் மேலே வந்துவிட்டால், நங்கூரத்தை எடுக்க நேரம் போக்காமல் கயிற்றை வெட்டிவிட்டு ஓடுவது. நான் மணி பார்த்து ‘அங்காட்’ என்பேன். தூக்கு என்று அர்த்தம். தைக்கோங் ஆளை மேலே இழுப்பார். பிறகு அவர் ‘போத்தோங்’ என்பார். வெட்டு என்று அர்த்தம். செட்டி முன்பக்கம் பாராங் கத்தியோடு போய் உட்கார்ந்தார்.

அலை பெரிதாகிவிட்டது. அன்று அதுவரை அடங்கியிருந்த வயிறு மறுபடியும் கிளம்பியது. தகரம் மடியில், கயிறு கையில், கண் கடிகாரத்தில். 9.17. மூன்று முறை இழுத்தேன். கீழேயிருந்து பதில் இழுப்பு வந்தது. தைக்கோங்குக்குச் சொல்ல வாய் திறந்தேன். மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவனுக்கு மலாய் வரவில்லை. வந்தது தமிழ்.

“போதும்,” என்று கத்தினேன். “போதும், போதும்.”

தைக்கோங்குக்கு என் கை இழுத்ததே போதுமானதாக இருந்தது. அவர் கயிற்றை வாங்கி இழுக்கத் தொடங்கினார். நான் முன்பக்கம் திரும்பினால் செட்டி நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. காற்றில் என் ‘போதும்’ அவர் காதில் ‘போத்தோங்’ ஆகிவிட்டது. கயிறு அறுந்தால் படகு காற்றோடு போகும். கீழே இரும்புக் கம்பிகளுக்கு நடுவே இருக்கிற மனிதரை இடுப்புக் கயிறு தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். வார்த்தைக்கு முன்னால் வாந்தி வந்தது. எழுந்து ஓடலாமென்றால் கால் நிற்கவில்லை. கையில் இருந்தது தகரம் ஒன்றுதான். அதைத் தூக்கி எறிந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பந்து எறிந்து ஒரு நாளும் குறி தப்பாமல் பட்டதில்லை எனக்கு. அன்று பட்டது. அவர் நடு முதுகில், உள்ளே இருந்த எல்லாவற்றோடும். அவர் துள்ளித் திரும்பினார். அதற்குள் எனக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது. “ஜாங்ஙான்,” என்றேன். வேண்டாம் என்பதற்கு மலாய். கீழே கையைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துப்போனது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, அறுந்துகொண்டிருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே படுத்துவிட்டார். மூன்று புரியில் இரண்டு போயிருந்தது.

9.21-க்கு முக்குளிப்பவர் தலை தெரிந்தது. தைக்கோங் அவரைப் படகுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, “போத்தோங்,” என்று கத்தினார். செட்டி அசையவில்லை.

“கிராணி சொல்லட்டும்,” என்றார் மலாயில்.

“போத்தோங்,” என்றேன், ஒவ்வோர் எழுத்தாக. அதன்பிறகுதான் வெட்டினார்.

தீவின் மறைவுக்கு ஓடிச் சேர்ந்ததும் நடந்ததை முக்குளிப்பவரிடம் சொன்னோம். அவர் செட்டியின் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, “இந்த நாத்தம்தான்யா என்னக் காப்பாத்துச்சு,” என்றார். செட்டி அந்தச் சட்டையைக் கடலில் எறிந்துவிட்டார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. தப்பு என்னுடையது, பேசி வைத்த சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லைக் கத்தியவன் நான். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னொரு மாங்காய்த் துண்டை என் வாயில் வைத்தார்.

இனி கரைக்குப் போகிறாயா என்று தைக்கோங் அன்று கேட்டார். அவர் குரலில் முதல் நாள் இருந்த கேலி இல்லை. இல்லை என்றேன். சனியும் ஞாயிறும் மாற்று நங்கூரத்தோடு மேலும் ஐந்து இறக்கம். ஐந்திலும் இருபத்தைந்தாவது நிமிடத்தில் இழுத்தேன். ‘அங்காட்’ தவிர வேறு சொல் என் வாயிலிருந்து வரவில்லை. மிதவை போட்டுவிட்டுத்தான் திரும்பினோம். காஜா பேராங் தெருமுனையில் செட்டி எங்கள் வீட்டைப் பார்த்து, “உங்க கிராணி அஞ்சு நாளும் மாபோக்,” என்று மலாயில் உரக்கச் சொன்னார். என் மனைவி துடைப்பத்தோடு வெளியே வந்தாள். அதை விளக்கி முடிக்க ராத்திரி ஆனது.

அதற்குப் பிறகு நான் பல வேலைகள் பார்த்தேன். பாராட்டுக் கடிதங்களும் இரண்டு மூன்று உண்டு. ஆனால் நான் எதற்காவது உதவியவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும் நாட்களில், நினைவுக்கு வருவது நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே மணி பார்த்த அந்த ஐந்து நாட்கள்தான். விடைபெறும்போது முக்குளிப்பவர் ஒன்று சொன்னார்: அந்த வெள்ளிக்கிழமை நான் மூன்றாவது முறை இழுத்தபோது, உருளைக் காற்று ஏற்கெனவே மூச்சிழுக்கக் கனத்துவிட்டதாம். இன்னும் இரண்டு நிமிடம் கழித்து இழுத்திருந்தால் மேலே வரும்வரை தாங்கியிருக்காதாம். தைக்கோங்கோ, நிறையக் காற்று இருந்தது, உன்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறான் என்றார். உருளைகளை அன்று யாரும் அளந்து பார்க்கவில்லை. இருவரில் யார் சொன்னது சரி என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.