முகூர்த்தப் புடவையில் காண்டாமிருகம்

பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிற தொழிலில் மயில், யானை, அன்னம், மாங்காய் நாலும் கைக்கு வந்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் கஞ்சிக்குக் கவலையில்லை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட என் இனத்து மக்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். ஆரணியில் கம்ப்யூட்டர் டிசைன் வந்தும் வராமலும் இருந்த சமயம், ஒரு காண்டாமிருகம் என்னிடம் வந்து மாட்டியது. இல்லை, நான்தான் அதனிடம் மாட்டினேன்.

மாமியாரும் மருமகளும்

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. அதனால் சரோஜா அம்மா, தனக்கு மருமகளாக வரப்போகிற பூங்கொடியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பூங்கொடி கலசப்பாக்கத்துப் பெண், கால்நடை டாக்டர். அசாமில், வெள்ளத்தில் தாயைப் பிரிந்த காண்டாமிருகக் குட்டிகளுக்குப் பால் கொடுத்து வளர்த்துக் காட்டில் விடுகிற வேலை. கல்யாணம் ஆனதும் அதை விட்டுவிட்டு ஆரணியிலேயே இருக்கவேண்டும் என்பது சரோஜா அம்மாவின் கண்டிஷன். அந்தப் பெண் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. புடவை பார்டரில் காண்டாமிருகம் வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல காரியத்துக்கு இந்த மிருகமா? சரோஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆசைப்படுது, போட்டுக் குடுத்துடுங்க ஆர்டிஸ்ட். இதோட அந்த மிருகத்துக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடட்டும்."

கொம்பு

முதல் படத்தில் கொம்பை நெற்றியில் வைத்துவிட்டேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடித்த கை, வேறெங்கே வைக்கும்? பூங்கொடி போட்டோக்களை மேசைமேல் பரப்பினாள். கொம்பு மூக்கின் மேல், அதுவும் ஒன்றே ஒன்று. காலுக்கு மூன்று விரல். கண் பார்வை மந்தம், காதும் மூக்கும் படு கூர்மை. கொம்புக்குள் எலும்பே கிடையாதாம். நம் முடியும் நகமும் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள்தானாம். அதற்காகத்தான் சுட்டுக் கொல்கிறார்களாம்.

புடவையை நெய்யப்போகிற முனுசாமி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தன் விரல் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாரா வாரம் வெட்டிப் போடற இதுக்குப் போயி ஒரு உசுர சுடறானுங்களா? பேஜாரு புடிச்ச பசங்க!"

சாணி மேடு

அன்றிலிருந்து முனுசாமிக்கு அந்த மிருகத்தின் மேல் ஒரு பிரியம். நாள் முழுக்க அது என்னதான் செய்யும் என்று கேட்டார். புல் மேயும், வெயிலில் தண்ணீரில் கிடக்கும், சேற்றில் புரளும் என்றாள் பூங்கொடி. சாணி போட மட்டும் ஒரு இடம் வைத்திருக்குமாம். பக்கத்தில் இருக்கிற மற்ற காண்டாமிருகங்களும் அங்கேயே வந்து போட்டு, குவியல் மேடாகிவிடுமாம். மோந்து பார்த்தே யார் வந்தது, யார் போனது என்று தெரிந்துகொள்ளுமாம். சரோஜா அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காண்டாமிருகப் பேச்சில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அப்போ நம்ம பஸ் ஸ்டாண்டு டீக்கடைன்னு சொல்லுங்க" என்றார் முனுசாமி.

ஜோடி

நம் தொழிலில் எந்த உயிரும் தனியாக நிற்காது. மயிலுக்கு எதிரே மயில், யானைக்கு எதிரே யானை. அந்தப் பழக்க தோஷத்தில் இரண்டு காண்டாமிருகங்களை மூக்கோடு மூக்கு நிற்கவைத்து, தறியில் டிசைன் விழ மாட்டுகிற ஓட்டை அட்டைகளையும் அடித்துவிட்டேன். பூங்கொடி படத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். வளர்ந்த ஆண் தனியாகத்தான் திரியும். இரண்டு ஆண்கள் இப்படி நேருக்கு நேர் நின்றால் சண்டை என்று அர்த்தம். அதுவும் கொம்பால் குத்தாதாம், கீழ்த்தாடைப் பல்லால் கிழித்துவிடுமாம். எப்போதும் சேர்ந்தே இருப்பது தாயும் குட்டியும்தான்.

அட்டை அத்தனையும் வீண். அதற்குள் சரோஜா அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தாலி கட்டற நேரத்துல பார்டர் பூரா சண்டை போட வெச்சிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதா?"

தாயும் குட்டியும்

புடவை தறியிலிருந்து இறங்கியது. அரக்கு நிறம், ஜரிகையில் தாயும் குட்டியும், தோல் மடிப்புக்கு மட்டும் ரோஸ் இழை. சொல்லக்கூடாது, அழகாகவே இருந்தது. சரோஜா அம்மா குட்டியின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"இது எத்தினி நாளு தாய்கூட இருக்கும்?"

"மூணு வருஷம் மாதிரி இருக்கும் அத்தை. அடுத்த குட்டி பொறக்கற நேரத்துல தாயே தொரத்தி விட்டுடும்."

"தாய் வெள்ளத்துல பூட்டா?"

"புட்டிப்பால்தான். நாங்கதான் குடுப்போம்."

"எப்ப வரும் அந்த வெள்ளம்?"

"ஆடியிலதான் ஜாஸ்தி." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அந்த வேலைய விட எனக்கு மனசு வரல அத்தை. இத்தினி நாளா சொல்ல பயந்துகினு இருந்தேன்." கண் நிறைந்துவிட்டது.

புடவையை மடித்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. கல்யாணமே நின்றுவிடுமோ என்று நினைத்தேன். சரோஜா அம்மா மறுபடியும் பார்டரில் இருந்த குட்டியின் மேல் விரலை வைத்தார்.

"புதுப்பொண்ண ஆடியில எப்படியும் தாய்வீட்டுக்கு அனுப்பித்தான் ஆவணும். கலசப்பாக்கத்துல உங்கம்மாகூட ரெண்டு நாளு இரு, மீதி நாளு அங்க போயிட்டு வா."

பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளம் ஆவணியிலயும் இருக்கும் அத்தை."

"ஆவணிய அப்புறம் பாக்கலாம். நீங்க இன்னா ஆர்டிஸ்ட் வேடிக்கை பாத்துகினு, ஜல்தியா மடிச்சிக் குடுங்க!"

ஒரு மாமியாரிடம் ஒரு மாசம் வாங்க ஒரு முழுப் புடவை ஆகுமென்றால், ஆவணிக்கு அந்தப் பெண் இன்னொரு புடவை கேட்டு வந்தே தீருவாள் என்று கிராஃப் தாளைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டேன்.