வளர்மதியின் கால் தரை தொட்ட நாள்

என் மகள் வளர்மதிக்குப் பதினான்கு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை. உட்கார வைத்தால் துணி மூட்டை மாதிரி சரிந்துவிடுவாள். இரண்டு கையும் எப்போதும் மடங்கி, விரல்கள் இறுகியே இருக்கும். 1979-ஆம் வருஷம் ஆடி மாதம் போடியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பிறக்கும்போது மூச்சு முட்டிப் போனதால் மூளையில் பாதிப்பு என்றார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இதற்கு மருந்தும் இல்லை என்றார்.

அன்று பஸ்ஸில் குரங்கணிக்குத் திரும்பும்போது ஒரே ஒரு எண்ணம்தான் எனக்கு. நான் இருக்கிறவரை பார்த்துக்கொள்வேன். நான் போன பிறகு இவளை யார் குளிப்பாட்டுவார்கள்? யார் சோறு ஊட்டுவார்கள்? ஒரு பெண்பிள்ளை எத்தனை வருஷம் அடுத்தவர் கையை எதிர்பார்த்துக் கிடப்பாள்?

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் குரங்கணியில் பால்வாடி டீச்சர். என் அப்பாவும் அம்மாவும் ஏலத்தோட்டத்தில் களை எடுத்து, காய் பறித்து என்னைப் போடியில் விடுதியில் விட்டுப் படிக்க வைத்தார்கள். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஊரில் பெரியவர்கள்கூட என்னை "டீச்சரு" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட நான் தினமும் இருபது பிள்ளைகளுக்குக் கை தட்டவும் குதிக்கவும் சொல்லிக் கொடுத்தேன். என் பிள்ளை மூலையில் தூளியில் கிடந்தாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கண்ணீரோடு ஒரு நேர்த்தி வைத்தேன். "ஆத்தா, எம் மக கால் மொதமொதல்ல உன் வாசல் மண்ணைத்தான் மிதிக்கணும். அதுவரைக்கும் அவ காலைத் தரையில பட விடமாட்டேன்." அவள் நடந்து வந்து மிதிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

சொன்ன சொல்லை ஒரு வருஷம் காப்பாற்றினேன். தூளி, இடுப்பு, மடி. இந்த மூன்றும்தான் அவள் உலகம். நான் சமைக்கும்போது என் வீட்டுக்காரர் வைத்திருப்பார். அவர் ஜீப் ஓட்டுகிறவர். லோடு ஏற்றப் போய்விட்டால் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா வாங்கிக்கொள்வார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் டீச்சரு, புள்ளைய இடுப்புல பசை போட்டு ஒட்டிட்டியா? எறக்கவே மாட்டேங்குற!"

"நேர்த்திக்கா. சும்மா இருங்க."

"நேர்த்தி ஆத்தாளுக்கு. இடுப்பு வலி எனக்கா?"

சிரிப்பேன். ஆனால் பிள்ளையின் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ள ஆரம்பித்ததைப் பார்த்து உள்ளுக்குள் நடுங்கினேன். தினமும் விளக்கு வைத்து, "ஒரு வழி காட்டு ஆத்தா" என்று அழுவேன்.

1980-இல், மாதம் ஒரு முறை மதுரையிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் போடிக்கு வந்து கை கால் வராத பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் ஜீப்பில் வந்தவர்களிடம் கேட்டு வந்தார். ஏதோ புது ஊசி போடுவார்கள் என்று நம்பிப் போனேன். அங்கே ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒரு பாய், ஒரு பெரிய பந்து, நாலைந்து மரக்கட்டைகள். என் வயதுதான் இருக்கும், ஸ்டெல்லா என்று ஒரு பெண்.

"நான் டாக்டர் இல்லங்க. பயிற்சி குடுக்கிறவ. பிள்ளையப் பாயில விடுங்க" என்றார்.

"தரையில விடமாட்டேன்."

"ஏங்க?"

"நேர்த்தி இருக்கு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சரி, என் மடியில விடலாமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் அவளை மடியில் குப்புறப் போட்டார், திருப்பினார், காலை மெதுவாக விரித்தார், கழுத்துக்குக் கீழே கை கொடுத்தார். அந்த அரை மணியில் இரண்டு தடவை வளர்மதி தானாகத் தலையைத் தூக்கினாள். நான் பார்த்தேன்.

பிறகு ஸ்டெல்லா சொன்னார்: "டீச்சர், இந்தப் பிள்ளைக்கு மருந்து தரைதாங்க. உருளணும், விழணும், கையை ஊன்றணும். மூளை இப்ப இளசா இருக்கு, சொன்னாக் கேட்டுக்கும். தூக்கியே வச்சிருந்தா காலு இப்படியே இறுகிப்போகும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"சாமிக்குக் குடுத்த வாக்கு."

"அதை நான் மாத்த முடியாது. உங்க சாமிகிட்டயே கேட்டுட்டு வாங்க."

எனக்கு ஆத்திரம். எனக்கே பாடம் சொல்ல வந்துவிட்டாளா என்று வழியெல்லாம் குமுறினேன். ஆனால் வீடு வந்ததும் உடைந்துபோனேன். இறக்கினால் தெய்வக் குற்றம். இறக்காவிட்டால் பிள்ளையின் கால் போய்விடும். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூசாரி அய்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் இறக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று பேச்சு. அன்றைக்கு மழை. கோயிலில் வேறு பிள்ளை இல்லை.

"உம் மகளே எடுக்கட்டுமே" என்றார்.

"அவளுக்குக் கை விரியாது அய்யா."

"கேக்குறது அவளுக்காகத்தான? அவ எடுக்குறதுதான் மொறை."

மடியில் வைத்துக்கொண்டு சன்னதி முன் உட்கார்ந்தேன். பொட்டலங்களைக் கண்டதும் அவள் உடம்பெல்லாம் விறைத்தது. நான் இழுத்துப் பிடித்தேன். அவள் முன்னால் எக்கினாள். மழைத் தண்ணீரில் என் சேலை வழுக்கியது. ஒரே நொடி. மடியை விட்டுச் சரிந்து, குப்புற விழுந்து, இரண்டு காலும் தரையில் பட்டன. வலது கை முன்னால் நீண்டது. இறுகிக் கிடந்த ஐந்து விரலும் மெதுவாகத் திறந்தன. ஒரு பொட்டலத்தின் மேல் போய் விழுந்தன.

"கால் பட்டுருச்சு! அய்யோ, கால் பட்டுருச்சு!" என்று கத்தினேன்.

பூசாரி அய்யா அசையவில்லை. "எங்க பட்டுருக்கு?"

நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

"ஆத்தா வாசல்லதான பட்டுருக்கு? நீ கேட்டதும் அதான? நடந்து வந்து மிதிக்கணும்னு ஆத்தா சொன்னாளா, நீயா நெனச்சுக்கிட்டியா? படிச்ச புள்ள, இது தெரியலையா? நேர்த்தி முடிஞ்சுருச்சு. புள்ளைய வெரசா தூக்காத. கெடக்கட்டும்."

அந்த ஈரத் தரையில் என் மகள் கிடந்தாள். அழவில்லை. இலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வெள்ளை அரளி இருந்தது. ஆனால் அதற்கு முன்பே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒரு வருஷம் நெஞ்சில் கிடந்த கல் அந்த இடத்திலேயே இறங்கியது. வழி காட்டு என்று கேட்டேன். ஆத்தா அந்தப் பெண்ணைப் போடி வரைக்கும் அனுப்பினாள். நான்தான் வாக்கைக் காட்டி வாசலை அடைத்து நின்றிருக்கிறேன்.

அடுத்த மாதம் போடிக்குப் போய், ஸ்டெல்லா சொல்வதற்கு முன்பே வளர்மதியைப் பாயில் இறக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அற்புதம் எதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. நடந்தது என்று எழுதினால் பொய். பழைய சாக்கைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்துப் பயிற்சி. தினமும் காலை, மாலை. அவள் அழுவாள், நானும் அழுவேன். பேச்சியக்கா, "கொலைகாரி, புள்ளைய விடுடி" என்று ஏசிவிட்டு, மறுநாள் அவரே வந்து காலைப் பிடித்துக்கொள்வார். இரண்டரை வயதில் சுவரில் சாயாமல் உட்கார்ந்தாள். அன்று ஜீப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் மிட்டாய் கொடுத்தார்.

ஸ்டெல்லாவோடு வந்த இன்னொருவர் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். அவர் என்னிடம், "தண்ணியக் கையில வச்சுக்கிட்டு, அவ கேக்குற வரைக்கும் காத்திருங்க" என்றார். பிள்ளை வாய் திறக்கும் முன்பே எல்லாம் கொடுத்துப் பழகியவள் நான். காத்திருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நாற்பது நாள் கழித்து, என் முகத்தைப் பார்த்துக் கோபமாக, "தா" என்றாள். அவளுடைய முதல் வார்த்தை. கேட்கவில்லை, அதட்டினாள். செம்புத் தண்ணீர் முழுவதும் கொடுத்தேன்.

கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தார்கள், பிடிக்க வந்தது. காலுக்கு அளவெடுத்து இரும்புப் பட்டையும் தோல் செருப்பும் செய்து தந்தார்கள். குளிக்கிற இடத்தில் அவள் பிடித்து நிற்க எந்த உயரத்தில் சுவரில் கட்டை அடிக்க வேண்டும் என்று ஸ்டெல்லா ஒரு தாளில் வரைந்தே கொடுத்தார். எங்கள் ஊர் ஆசாரி அப்படியே அடித்தார்.

இன்று என் பால்வாடிக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் நான் கவனித்துப் பார்க்கிறேன். தலை நிற்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று. சந்தேகம் வந்தால் தாயை ஜீப்பில் ஏற்றிப் போடிக்கு அனுப்பிவிடுவேன். போன வருஷம் காது கேட்காத ஒரு பெண்குழந்தையை எட்டு மாதத்திலேயே அனுப்பினேன். தாமதித்ததன் வலி எனக்குத் தெரியும்.

இது 1986. வளர்மதிக்கு எட்டு வயது. ஒரு கோல் ஊன்றி, காலை இழுத்துத்தான் நடக்கிறாள். பேச்சு நிதானமாகத்தான் வரும். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போகிற இரண்டாவது பெண்.

சகோதரிகளே, வேண்டுதல் வையுங்கள். அம்மனை நம்புங்கள். ஆனால் அவள் அனுப்பும் உதவி எந்த உடுப்பில், எந்த ஊரிலிருந்து வந்தாலும் வாசலில் நிறுத்திவிடாதீர்கள். பிள்ளை உட்காரவில்லை, பேசவில்லை என்றால் நாள் பார்க்காமல் கூட்டிப்போங்கள்.

போன மாதம் ஒரு நாள் காலையில் அவளைக் குளிப்பாட்டப் போனேன். கட்டையைப் பிடித்து நின்றுகொண்டு, "போம்மா. நானே" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு செம்பு, அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொரு செம்பு. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பால்வாடிக்கு நேரமாகிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. கதவைத் தட்டவும் இல்லை.