கிடங்கில் கிடந்த கிடார் பெட்டி

அந்தப் பெட்டியை வரவிடாமல் செய்தவன் நான்தான்.

முப்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் என்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆறாம் வகுப்போடு நின்றவன், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், இன்று பதினாறு லாரிக்குச் சொந்தக்காரன். அப்படிப்பட்ட நான் போன மாதம் ஒரு மண்டபத்தில், இருபது வயதுப் பிள்ளைகள் நடுவே தனியாக உட்கார்ந்திருந்தேன்.

மேடையில் ஜெபராஜும் அவன் கூட்டாளிகள் மூவரும். தமிழில் ராக் பாட்டு கட்டி, ஒரே ஒரு கேசட் போட்டுவிட்டுப் பிரிந்த நாசரேத்துக்காரர்கள். அந்தக் கேசட்டை யாரோ நெட்டில் ஏற்றப்போய், சென்னையிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லா வரியும் அவர்களுக்கு மனப்பாடம்.

முப்பது வருடத்துக்கு முன் இவர்களுக்கு ஸ்பீக்கர் சுமந்தவன் நான். எனக்கு வேறு சேக்காளி கிடையாது. ஜெபராஜின் மாமா சிங்கப்பூரிலிருந்து கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் கப்பலில் அனுப்பினார். பெட்டி வந்ததும் சென்னைக்குப் போய்விடுவது என்று பேசிக்கொண்டார்கள்.

"அப்பம் நானு?" என்று கேட்டேன்.

"ஒமக்குத்தான் இங்கன துறைமுகத்துல வேலை இருக்குல்லா அண்ணாச்சி" என்றான் ஜெபராஜ். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்...

பெட்டியை எடுக்கும் காகிதங்களை என்னிடம் தந்தார்கள். நான் அவற்றைக் கிடங்கில் காட்டவே இல்லை. "காயிதம் சரியில்லன்னுட்டான்" என்று வாராவாரம் சொன்னேன். கேட்பாரற்ற சரக்கு ஏலத்துக்குப் போகும். போயிற்று. அவர்களும் சலித்துப்போய், வேலை தேடி ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். யாரும் போகக்கூடாது என்றுதானே செய்தேன்?

கடைசிப் பாட்டுக்கு முன் ஜெபராஜ் மைக்கைப் பிடித்தான்.

"எங்க பெட்டிக்காகச் செருப்பு தேய நடந்த அண்ணாச்சி இங்கனதான் இருக்காவ. எந்திரிச்சு நில்லும் அண்ணாச்சி."

எழுந்தேன். கும்பிட்டேன். மண்டபமே கைதட்டியது. மைக் பத்தடி தூரத்தில் இருந்தது. சொல்லியிருக்கலாம்... லாரி முதலாளிகள் சங்கத்தில் மணிக்கணக்காகப் பேசுகிற வாய், அன்று திறக்கவில்லை.

முடிந்ததும், பழக்கதோஷத்தில் ஒரு ஸ்பீக்கரை வேன் வரை தூக்கிப் போனேன்.

"ஏலே, கிழவனுக்கு இன்னும் தெம்பு இருக்குலே" என்று டிரம்ஸ்காரன் சிரித்தான்.

ஜெபராஜ் என் தோளில் கை போட்டான். "நாளைக்கு மதுரையில வாசிக்கோம். இந்தவாட்டி எங்ககூட வாரும் அண்ணாச்சி."

முப்பது வருடமாக நான் கேட்க நினைத்த வார்த்தை அது.

"துறைமுகத்துல வேலை கெடக்குடே" என்றேன்.

மறுநாள் எனக்கு ஒரு வேலையும் இல்லை.