மாமன் முறைக்கு ஒரு கார்

சிவகௌரிக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாது என்று மெல்பேர்னின் மல்கிரேவில் அவளை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. அது முழுப் பொய். வாடிய முருங்கைக்காயைத் தலையில் கட்டப் பார்க்கும் கடைக்காரனுக்குச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர முடியுமா என்று கேட்கும் மேலாளருக்குச் சொல்வாள். கணவனுக்கு ஒரு நாளில் எத்தனை முறை சொல்வாள் என்பதை அந்த மனிதனிடம்தான் கேட்க வேண்டும். ஒரே ஒரு ஆளுக்கு முன்னால் மட்டும் அந்தச் சொல் அவள் தொண்டையைத் தாண்டி வராது. அந்த ஆள் அவளுடைய அண்ணன் சச்சிதானந்தன்.

வராததற்குக் காரணம் இருந்தது. அவளை ஊரிலிருந்து மெல்பேர்னுக்கு எடுப்பித்தது அவன்தான். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவன்தான். தன்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த நித்தியானந்தனின் படத்தை அனுப்பி, நல்ல பொடியன், குடிக்கமாட்டான் என்று இரண்டு வரியில் எழுதினான். அவளும் உங்களுக்குச் சரியென்றால் எனக்கும் சரி என்று ஒரே வரியில் பதில் போட்டாள். பிறகு வீடும் அவன் கண்டுபிடித்த வீடுதான். யன்னல் சீலையின் நிறம்கூட அவன் சொன்னதுதான், அது ஒரு மாதிரிப் பழுப்பு. இத்தனைக்கும் அவன் அதிகாரம் பண்ணுகிறவன் அல்ல. தங்கைக்கு நல்லது எது என்று யோசித்து யோசித்துத் தனக்கென்று ஒரு கல்யாணம் கட்ட மறந்துபோனவன். அப்படிப்பட்டவனிடம் யன்னல் சீலையைப் பற்றி யார் வாதாடுவார்கள்? அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குப் பதில் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சச்சிதானந்தன் தனக்காக வாங்கியது ஒன்றே ஒன்று. எழுபதுகளில் வந்த பழைய ஃபால்கன் கார். எட்டு சிலிண்டர், கரும்பச்சை நிறம், கட்டில் போல அகலமான முன்பக்கம். துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, வருடக்கணக்காக ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பூட்டி எழுப்பினான். ஞாயிற்றுக்கிழமைகளில் டான்டெனோங்கிலிருந்து அதில்தான் தங்கை வீட்டுக்கு வருவான். தெரு முனையில் திரும்பும்போதே குசினி யன்னல் அதிரும். அதைக் கேட்டதும் சிவகௌரி தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுவாள். அவளுக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும் என்பதை மறைக்கத் தேவையில்லை.

வினை, மகள் வினுஷா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டில் தொடங்கியது. இந்த ஊரில் சாமத்தியவீடு என்றால் சும்மா இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளை ரதத்தில் வந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை ஹெலிகொப்டரில் வந்து இறங்கும். சச்சிதானந்தன் தன் காரை மல்லிகைச் சரத்தால் மூடி, மருமகளைப் பின் சீற்றில் இருத்தி, மண்டப வாசல்வரை உறுமிக்கொண்டு கொண்டுவந்தான். தாய்மாமன் செய்ய வேண்டிய முறையெல்லாம் செய்து முடித்த பிறகு யாரோ அவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். மருமகளுக்குப் பதினெட்டு வயதாகி லைசன்ஸ் எடுக்கும் நாளில் இந்தக் கார் அவளுக்குத்தான் என்று அவன் சபையறியச் சொன்னான். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. வீடியோக்காரன் கமராவைத் தாயின் பக்கம் திருப்பினான், தாயும் கைதட்டினாள். தாய்மாமன் சபையில் கொடுத்ததை வேண்டாம் என்பது அவன் முகத்தில் அடிப்பதற்குச் சமம். அதுவும் தவிர, பதினெட்டு வயதுக்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது, அதற்குள் கார் உக்கிப்போகும் என்று அவள் நினைத்தாள். கார் உக்கவில்லை. பிள்ளைதான் மளமளவென்று வளர்ந்தாள்.

சிவகௌரி வேலை செய்வது ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில். விபத்தில் அடிபட்டவர்களை எழுப்பி, நடக்கப் பழக்குவது அவள் வேலை. இருபது வயதுப் பிள்ளைகள் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகத் திரும்பப் பழகுவார்கள். பக்கத்தில் தாய்மார் உட்கார்ந்து, தன் பிள்ளை நல்ல கவனமாகக் கார் ஓடுகிறவன் என்று கேட்காமலே சொல்வார்கள். சிவகௌரி அந்த வசனத்தைக் கேட்காத கிழமை இல்லை. வினுஷா எல் பிளேட் ஒட்டிக்கொண்டு மாமாவோடு அந்தக் காரில் ஓடப் பழகிய நாட்களில், அவர்கள் திரும்பி வரும்வரை இவள் குசினியில் ஒரு வேலையும் முடித்ததில்லை. வெங்காயம் பாதி வெட்டியபடி கிடக்கும்.

அண்ணனுக்கு அவனுடைய நியாயம் இருந்தது. இப்போதைய கார்கள் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதால் ஓடுகிறவனுக்கு ஓட்டமே தெரிவதில்லை என்பான். இந்தக் காரில் பழகிய பிள்ளை தூரத்திலேயே பார்த்து, முன்கூட்டியே பிரேக் பிடிக்கும் என்பான். அதில் உண்மை உண்டு. வினுஷா நிதானமாக, சுற்றிவரப் பார்த்துத்தான் ஓடினாள். பிறகு, இது எவ்வளவு பாரமான இரும்பு, இதற்கு என்ன நடக்கப்போகிறது என்பான். இரும்புக்கு ஒன்றும் நடக்காது என்பதுதான் சிவகௌரியின் பயம். புதுக் கார் தான் நசுங்கி உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும். இதில் ஏர்பேக் இல்லை. இது நசுங்காது, உள்ளே இருப்பவர்தான் நசுங்குவார். மகள் எவ்வளவு கவனமாக ஓடினாலும் எதிரே வருகிறவன் கையில் ஃபோன் இருக்கிறதோ என்னவோ, யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் அவள் அண்ணனிடம் சொன்னாளா? சொல்லவில்லை. கணவனிடம் சொன்னாள். நித்தியானந்தன் நல்ல மனிதன், ஆனால் இந்த இடத்தில் வழுக்கிவிட்டான். நான் சொன்னால் அண்ணனையும் தங்கையையும் பிரிக்கிறேன் என்று மச்சான் நினைப்பார், நீயே சொல் என்றான். மகளிடம் சொல்லிப் பார்த்தாள். எனக்கு அந்தக் கார் பிடித்திருக்கிறது, பயம் உங்களுக்குத்தானே, நீங்களே சொல்லுங்கள் என்று வினுஷா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். பிள்ளை சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் சிவகௌரிக்குக் கோபம் கோபமாக வந்தது.

மகளின் ஓட்டப் பரீட்சை நெருங்கியபோது, வேலையிடத்தில் ஒரு பெண் தற்செயலாக ஒரு விஷயம் சொன்னாள். விக்டோரியாவில் புதிதாக லைசன்ஸ் எடுத்த பி பிளேட் பிள்ளைகள் எட்டு சிலிண்டர் கார் ஓடச் சட்டம் விடாதாம். எல் பிளேட்டில், பக்கத்தில் ஆள் இருந்து பழகுவது வேறு கதை. சிவகௌரி அரசாங்கத்தின் இணையப் பக்கத்திற்குப் போய்த் தன் கண்ணால் பார்த்தாள். முருகனே இறங்கி வந்து அந்தச் சட்டத்தை எழுதியது போல இருந்தது. நெஞ்சுக்குள் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்தார்கள். அன்று பின்னேரம் வெங்காயம் முழுதாக வெட்டி, நல்ல நண்டுக் கறி வைத்தாள்.

அந்த ஞாயிறு அண்ணன் வந்து கதிரையில் அமர்ந்ததும் சட்டத்தைச் சொன்னாள். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்தான். அந்த முகத்தைப் பார்க்க இவளுக்குப் பாவமாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

“சட்டம் விடாட்டி என்ன அண்ணா செய்யிறது? இல்லாட்டி எனக்குச் சந்தோசம்தானே.”

“எட்டு சிலிண்டர்தான் பிரச்சினையோ?”

“ஓம் அண்ணா. அது மட்டும்தான்.”

தானே குழி வெட்டி, தானே இறங்கி, மண்ணையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு பல ஞாயிறுகள் அவன் வரவில்லை. வேலை கூடிப்போச்சு என்று ஃபோனில் சொன்னான். வினுஷா பரீட்சையில் தேறினாள். அதைச் சொல்ல ஃபோன் எடுத்தபோது, அடுத்த ஞாயிறு வாறன் என்றான். அந்த ஞாயிறு குசினி யன்னல் அதிரவில்லை. அழைப்பு மணி கேட்டுத்தான் சிவகௌரி கதவைத் திறந்தாள். கரும்பச்சைக் கார் வாசலில் நின்றது. அவன் எல்லோரையும் கூப்பிட்டு பொனெற்றைத் திறந்து காட்டினான். உள்ளே வேறு ஒரு எஞ்சின் இருந்தது. ஆறு சிலிண்டர். இந்த மாதிரிக் காருக்கு அந்தக் காலத்தில் இதுவும் வந்ததுதான், அச்சொட்டாகப் பொருந்துகிறது என்றான். பரிசோதித்துச் சான்றிதழும் எடுத்துவிட்டானாம். இனிச் சட்டம் ஒன்றும் சொல்லாதாம். பழைய எஞ்சினைக் கிரெய்கிபர்னிலிருந்து ஒரு ஆள் வந்து வாங்கி ஏற்றிக்கொண்டு போனான் என்று சொல்லும்போது மட்டும் பொனெற்றின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

சிவகௌரிக்கு உலகம் இருண்டது. இதுவரை அவளைக் கட்டிப்போட்டது ஒரு வாக்கு. இப்போது ஒரு தியாகம். வாக்கிலிருந்தாவது ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பலாம். தன் உயிரைக் கழற்றி விற்றுவிட்டு வந்து நிற்கிறவனுக்கு என்ன சொல்வது? நன்றாயிருக்கிறது அண்ணா என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மகளை நினைத்து அழுதாளா, அந்த எஞ்சினை நினைத்து அழுதாளா என்று பிரிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் காருக்குக் கோயிலில் பூசை. நம்மவர்கள் ஒரு கார் வாங்கினால் பதிவு செய்வது பிறகு, பூசை முதல். வாகனத் தரிப்பிடத்தில் ஐயர் பொனெற்றில் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, நான்கு சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார். தீபம் காட்டி முடித்ததும், இனி ஓடலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த அர்ச்சனைக்குப் போனார். நித்தியானந்தன் உடைத்த தேங்காயும் பூவும் வைத்த தட்டோடு ஓரமாக நின்றான். வினுஷா ஸ்டியரிங்கின் முன்னால் அமர்ந்தாள். முதல் ஓட்டம் தாயோடுதான் போக வேண்டும் என்று சச்சிதானந்தன் முன் கதவைத் திறந்து பிடித்தான்.

சிவகௌரி ஏறி அமர்ந்தாள். சீற் பட்டியைப் போட்டாள். மகள் கண்ணாடியைச் சரி செய்தாள், இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், எல்லாம் மாமா சொல்லிக் கொடுத்தபடி. அந்த மெல்லிய ஸ்டியரிங் வளையம் பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே இருந்தது. நடுவில் வெறும் இரும்பு. தன் பிள்ளை நல்ல கவனமாக ஓடுகிறவள் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கும் தன் குரல் சிவகௌரிக்குக் கேட்டது.

“நிப்பாட்டு பிள்ளை,” என்றாள்.

கார் இன்னும் அசையவே இல்லை. அவள் பட்டியைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

“அண்ணா, வேண்டாம்.”

அவனுக்கு விளங்கவில்லை. எது வேண்டாம் என்று கேட்டான், சீற் சரியில்லையா என்று கேட்டான்.

“கார் வேண்டாம். எனக்குப் பயமாக் கிடக்கு. இவள் இதில போறது எனக்கு விருப்பமில்லை. முதல் நாளில இருந்தே விருப்பமில்லை.”

“சட்டம் எண்டெல்லோ சொன்னனீ?”

“அதைச் சாட்டாச் சொன்னனான், அண்ணா.”

அவன் ஏசியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோயிலுக்கு வந்த சனம் பார்க்கக் கத்தியிருந்தாலும் தாங்கியிருப்பாள். அவன் கத்தவில்லை. திறந்து பிடித்திருந்த கதவை மெதுவாகச் சாத்தினான். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அதை வித்திருக்கமாட்டன் என்று காரைப் பார்த்துத்தான் சொன்னான், தங்கையைப் பார்த்து அல்ல. வினுஷா உள்ளே இருந்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சாவியைத் திருப்பி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சிவகௌரிக்கு நெஞ்சு முதலில் லேசாகியது, பிறகு கனத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனுக்குச் சொல்லிவிட்டாள், பிள்ளை தப்பிவிட்டாள். அது போதும் என்று தன்னைத் தேற்றப் பார்த்தாள்.

சச்சிதானந்தன் மெல்ல முகத்தை நிமிர்த்தி, தட்டோடு நின்ற நித்தியானந்தனைப் பார்த்தான். அவனே தேடிப் பிடித்துக் கொண்டுவந்து தங்கைக்குக் கட்டிவைத்த மனிதன். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினான்.

“வேற என்னென்ன வேண்டாமெண்டு எனக்குச் சொல்லாமல் விட்டனீ, கௌரி?”

அந்தக் கேள்வியில் கோபம் ஒரு துளி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நித்தியானந்தனும் தட்டைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“ஒண்டுமில்லை அண்ணா,” என்றாள் அவள் உடனே.

அது உண்மைதான். உண்மை என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் ஆயுள் முழுக்க அவனுக்குச் சொன்ன ‘சரி அண்ணா’வைப் போலவே அதுவும் அவ்வளவு சட்டென்று, அவ்வளவு பணிவாக வந்து விழுந்தது. எதிரே நின்ற இரண்டு ஆண்களில் ஒருவரும் தலையாட்டவில்லை.