கடற்கரையில் வந்த மூச்சு

என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் மார்கழிக் குளிர் தொடங்கினால் என் தூக்கம் போய்விடும். வெந்நீர் போடுவது, ஆவி பிடிக்க வைப்பது, நெஞ்சில் தைலம் தேய்ப்பது, விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவது. இப்படியே எத்தனையோ மார்கழி போய்விட்டது. "இந்தக் குளிர்ல நெஞ்சு தாங்காது, சூடான ஊருக்குப் போயிருங்க" என்று அட்டன் டவுன் டொக்டர் சொன்னது அவரைப் பொறுத்தவரை செவிடன் காதில் ஊதிய சங்கு.

அவர் தேயிலை பெக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று பெயர்தான். காலையில் மாடியேறி, பரப்பிய கொழுந்தில் ஒரு கைப்பிடி அள்ளி, இறுக்கி, விரித்துப் பதம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். யாரும் வரச் சொல்வதில்லை. தான் போகாவிட்டால் கொழுந்து வாடாது என்று நினைப்பு.

நான் புவியியல் ஆசிரியை. குளிர்காலத்தில் கடல் காற்றுக்கு வெப்பம் கொடுக்கிறது என்ற பாடத்தை இங்கே நடத்துவது லேசில்லை. பாதிப் பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை. அதனால் கடலை நான் அந்த மாடியில்தான் காட்டுவேன். பச்சைக் கொழுந்தின் மேல் விசிறிக் காற்று போகிறது, ஈரத்தை வாங்கிக்கொள்கிறது, ஈரம் போகப் போகக் கொழுந்து சில்லிடுகிறது. வங்காள விரிகுடாவின் மேல் வாடைக்காற்று செய்வதும் அதைத்தான். வடக்கேயிருந்து வறண்டு வரும் காற்று, கோடை முழுக்கக் கடல் சேர்த்து வைத்த சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு வந்து நம் மேல் மழையாகக் கொட்டுகிறது. கொடுத்த கடல் குளிர்ந்து போகிறது.

போன மார்கழி விடுமுறையில் அவரை ஒருவழியாகக் கிளப்பினேன். அவருடைய தம்பி குடும்பம் கலவரக் காலத்தில் மலையை விட்டுப் போய், முல்லைத்தீவுப் பக்கம் கடலோரமாகக் குடியேறி, என்னென்னவோ பட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வாடை முகத்தில் அடித்தது. இவர் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு பயந்து பயந்து தண்ணீரில் கால் வைத்தார்.

"இங்க வாயேன்! தண்ணி வெதுவெதுன்னு இருக்கு!"

காற்றைவிடக் கடல் சூடாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் வாயால் படிப்பித்தது காலில் பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்த பிறகு இருமவில்லை. எனக்கு அதுதான் பெரிது.

அங்கே இருந்த நாளெல்லாம் அவர் சாய்ந்து உட்காராமல், படுத்தே தூங்கினார். நானும் தூங்கினேன். தம்பி ஒரு நாள் சொன்னார்: "அண்ணே, இங்கயே இருந்துருங்க. பக்கத்துல ஒரு ரூம் போட்டுக்குவோம். அண்ணியும் இந்தப் பக்கம் ட்ரான்ஸ்பர் கேக்கட்டும்." மனதுக்குள் அந்த அறைக்கு நான் திரைச்சீலையே மாட்டிவிட்டேன்.

இவரோ முற்றத்து வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வேப்பிலையை உருவி உருவிக் கையில் இறுக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலையில் நான் பக்கத்தில் போனதும், "போவோமா?" என்றார்.

"எங்க?"

"வீட்டுக்கு."

"இங்க மூச்சு நல்லா வருதுல்ல?"

"வருது. வந்து என்னா செய்ய?"

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். மூச்சு விட்டுக்கிட்டு சும்மா இருங்க, எனக்கு அது போதும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மனம் மாறவில்லை. மறுநாள் கிளம்பிவிட்டோம்.

மலையேறிக் கினிகத்தேனை ஊரைத் தாண்டியதும் பஸ்ஸுக்குள் குளிர் ஏறியது. வட்டவளை வருவதற்கு முன்பே இருமல் தொடங்கிவிட்டது. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"சாத்தாத. பெக்டரி வாசம் வருது."

இருமி இருமி, அதற்கு நடுவே அந்தக் காற்றை இழுத்து இழுத்துக் குடித்தார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. அவர் சந்தோஷமாக இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.